காற்று கொறச்சு மதி

கார் டயரை பைக்கில் மாட்டலாமா என்று போன வாரம், நம் கடையில் வேலை பழகுகிற உங்களில் ஒருவன் கேட்டான். கையில் போன். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரன், பெரிய வண்டி ஒன்றில் பின்பக்கம் கார் டயரை மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் சிரித்தபடி போகிறான். "மாமா, இது உள்ளதாக்குமா?" என்று கேட்டான். "உள்ளதுதான் மக்கா, நம்ம பனச்சமூட்டுலயே நடந்ததாக்கும்" என்றேன். ஒருத்தனும் நம்பவில்லை. அதற்குள் ஒரு ஜீப் வந்து நின்றது, எல்லோரும் ஓடிவிட்டீர்கள். எனக்கு இப்போது நேரம் நிறையக் கிடக்கிறது, உங்களுக்குத்தான் இல்லை. அதனால் எழுதியே தந்துவிடுகிறேன். டயரைக் கழற்றுவது, மாட்டுவது, ஒட்டுப் போடுவது பற்றியெல்லாம் இதில் ஒன்றும் இருக்காது. அது கைக்குத் தானாக வந்துவிடும். கைக்கு வராத ஒரு விஷயம் உண்டு, அதற்காகத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது நம் கடை ஜங்ஷனில், பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. கடை வாசலில் நின்று வெற்றிலை துப்பினால் அது தமிழ்நாட்டில் விழுமா கேரளத்தில் விழுமா என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள். மீதிப் பேர் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் திட்டுவார்கள். நாங்களும் அப்படித்தான். எந்த வாக்கியம் எந்த பாஷை என்று யாரும் பார்த்ததில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மிக்கேல் திருப்புறத்துக்குத் தெற்கே கடற்கரையில் வீடு உள்ளவன். வளைகுடாவில், கப்பல்களை இழுத்துக் கட்டுகிற டக் போட்டில் வேலை. அங்கே அவனுடைய எஞ்சினியர் துரை ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது விட்டுப்போன வண்டி ஒன்று இவன் கைக்கு வந்தது. அதைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான். வண்டி என்றால் சாதாரண வண்டியா! தாழ்ந்த முதுகு, அகன்ற ஹேண்டில், இரண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாத பாரம். ரோட்டில் போனால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். எருமைக்கடாவுக்கு எங்கள் பக்கத்தில் போத்து என்று பெயர். ஊர் அந்த வண்டிக்கும் அதே பெயரை வைத்துவிட்டது.

போத்தின் பின் டயர் தேய்ந்து வழுக்கை விழுந்திருந்தது. அந்த அளவில் பைக் டயர் அப்போது திருவனந்தபுரத்திலும் இல்லை, நாகர்கோவிலிலும் இல்லை. ஆனால் டாக்சிக் கார் டயரின் உள்விட்டமும் அந்த ரிம்மின் விட்டமும் ஒன்றேதான் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வந்து கேட்டான். முடியாது என்றேன். மறுபடி வந்தான், மறுபடியும் முடியாது என்றேன். பைக் டயரின் அடி உருண்டிருக்கும், வண்டி சாய்ந்தால் அதுவும் கூடவே சாயும். கார் டயரின் அடி சப்பட்டை. அதற்குச் சாயத் தெரியாது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மூன்றாவது தடவை வந்தபோது டயரில் நூல் வெளியே தெரிந்தது.

"நிங்க போட்டுத் தரலேன்னா நான் இதுலேயே போவேன் அண்ணா" என்றான்.

"இந்த டயர வச்சுட்டு எங்கல போற?"

"நெய்யாறு டேமுக்கு. ஸ்டெல்லாவக் கூட்டிட்டு. அதுக்குத்தானே இந்தப் போத்தயே கொண்டாந்தது."

ஸ்டெல்லா அவன் மனைவி. கல்யாணமாகி இவர்கள் சேர்ந்து இருந்த நாட்களை விடுமுறைக் கணக்கில்தான் எண்ண வேண்டும். அவன் அங்கே, இவள் இங்கே. அவள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மணலைத் தவிர ஒன்றும் கிடையாது. இரவெல்லாம் அலைச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு அப்பால்தான் புருஷன் இருக்கிறான் என்ற நினைப்பில் உறக்கம் வராமல் கிடப்பாளாம். ஒருநாள் போனில் கேட்டாளாம், "சத்தம் போடாத வெள்ளம் எங்கயாவது உண்டுமா?" என்று. எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்தான், பயப்பட வேண்டாம். உண்டு, கள்ளிக்காட்டுப் பக்கம் நெய்யாறு டேமில் உண்டு, வந்ததும் காட்டித் தருகிறேன் என்று இவன் சொன்னானாம். அதற்குப் பிறகு டக் போட்டில் மத்தியான வெயிலில் கண்ணயரும்போதெல்லாம் ஒரே கனவாம் அவனுக்கு. மழை விட்ட ரோடு. இவன் வண்டி ஓட்டுகிறான். பின்னால் அவள். ரெண்டு பக்கமும் மரம். ரோடு முடிகிற இடத்தில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது.

இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, டயரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளே என்னமோ செய்தது. கூடவே இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. இவன் எப்படியும் போவான். நூல் தெரிகிற டயரில் போவானா, சப்பட்டை டயரில் போவானா என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி. வெடிக்கிற டயரைவிடச் சாயாத டயர் மேல் என்று நினைத்தேன். மாட்டிக்கொடுத்தேன். இன்றைக்கு நீங்கள் மாட்டுவீர்களா என்றால், வேண்டாம். இன்று எல்லா டயரும் கிடைக்கிறது. கிடைக்கிற காலத்தில் கோணல் வழிக்குப் போகிறவன் திறமைசாலி ஆகிவிட மாட்டான்.

லேசில் மாட்டவில்லை. கார் டயரின் உள்விளிம்பான உதடு பைக் ரிம்மில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்தது. சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் 'டப்' என்று அது உட்கார்ந்தபோது எதிர்த்த டீக்கடையில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுத்ததில்லை நான். அன்றைக்குத் தூறல் விட்டிருந்தது. வெள்ளறடைப் பக்கம் கொஞ்ச தூரம் போனேன். நேர் ரோட்டில் அந்த வண்டி ஓடியதுபோல இன்றுவரை ஒரு வண்டி எனக்கு ஓடிக் காட்டியதில்லை. குலுங்கவில்லை, அலையவில்லை, ஹேண்டிலை விட்டாலும் அது பாட்டுக்குப் போகும் போல இருந்தது. ரெண்டு பக்கமும் ரப்பர் மரம், ஒவ்வொன்றின் நெஞ்சிலும் பால் பிடிக்க ஒரு தேங்காய்ச் சிரட்டை. இந்த மரத்துப் பால்தானே எந்தெந்த ஊருக்கோ போய் டயராகி, திரும்பி இந்த ரோட்டுக்கே உருள வந்திருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு போகும்வரை எங்கே போகிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அப்புறம் வளைவு வந்தது. வண்டியைச் சாய்த்தால் சாயவில்லை. ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிய பிறகுதான் மனசில்லாமல் திரும்பியது. கனவெல்லாம் அங்கேயே கலைந்துபோயிற்று.

திரும்பி வந்து மிக்கேலிடம் எல்லாம் சொன்னேன். நேர் ரோட்டில் போ, வளைவில் ஊர்ந்து போ. காற்று மட்டும் குறையக் கூடாது. குறைந்தால் ரிம் ஒரு பக்கம் சுற்றும், டயர் மறுபக்கம் நழுவும், நடுவில் ட்யூபின் வால்வு கிழியும். டேமுக்குப் போகிற அன்று வழியில் பாறசாலையில் நிறுத்திக் காற்றுப் பார்த்துக்கொள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அப்புறம் வெள்ளைப் பெயின்டில், ரிம்மிலிருந்து டயர் வரைக்கும் குறுக்காக ஒரு கோடு போட்டேன். இந்தக் கோட்டை எனக்குக் காட்டித் தந்தவர் கல் லோடு ஏற்றி வந்த ஒரு லாரி டிரைவர். என்னைவிட வயதில் இளையவர். பெயர் கேட்கத் தோன்றவில்லை. "கோடு ரெண்டாப் பிரிஞ்சா உள்ள என்னமோ வல்லதும் நடந்திருக்குன்னு அர்த்தம் அண்ணாச்சி. டயரு வாயத் தொறந்து சொல்லாது, கோடு சொல்லும்" என்றார். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் அவர் கடையில் இருந்தது. எனக்குக் குரு என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்வேன்.

மிக்கேல் டேமுக்குக் கிளம்பியது விடுமுறையின் கடைசி நாளில். அதற்கு முந்தின நாட்களைக் கல்யாண வீடும், காய்ச்சலும், ஓட்டுக்கூரை வேலையும் தின்றுவிட்டன. மறுநாள் காலையில் அவனுக்கு விமானம். மத்தியானம் தாண்டி ஒரு மங்கலான வெயிலில் போத்து எங்கள் கடை முன்னால் வந்து நின்றது. ஸ்டெல்லாவை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். நீலச் சேலை, தலையில் முக்காடு, வாய் நிறையச் சிரிப்பு.

"காட்டிட்டுப் போலாமுன்னு வந்தோம் அண்ணா" என்றான் மிக்கேல். ஒரு சர்பத் குடித்துவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். டேமில் ஆளை உள்ளே விடுவது சாயந்திரத்தோடு சரி.

நான் சக்கரத்தைப் பார்த்தேன். கோடு ரெண்டாகப் பிரிந்திருந்தது. ரிம்மில் இருந்த பாதிக்கும் டயரில் இருந்த பாதிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. காற்றை அளந்து பார்த்தால் நான் அடித்ததில் பாதிதான் இருந்தது. பஞ்சரா, ரிம் ஓரத்தில் கசிவா, ஒன்றும் பிடிபடவில்லை. வழியில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று மிக்கேலிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். கனவில் ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும்!

ஸ்டெல்லாதான் சொன்னாள். "பாறசாலை கழியும் வரைக்கும் நல்லாட்டுத்தான் அண்ணா இருந்துது. அதுக்குப் பொறவு, வள்ளத்துக்கு உள்ள வெள்ளம் கேறினா பின்பக்கம் கெடந்து ஆடும்லா, அதுபோல ஆடிச்சு. நான் சொன்னேன், இவரு கேட்டாத்தானே."

பாறசாலை வரைக்கும் சரி. அப்படியானால் கோளாறு பாறசாலையில்தான் நடந்திருக்கிறது.

"அங்க என்னடே செய்தே?"

"நிங்க சொன்னதுதான். பெட்ரோல் பங்கில நிறுத்திக் காத்துப் பாத்தேன். இத்திரிப் போல, ஒரு துளிதான், கொறவு காட்டிச்சு. காத்து கொறச்சு மதின்னு சொன்னேன். பங்குக்காரரு ஹோஸப் பிடிச்சாரு."

நான் அவனையே பார்த்தேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் புரிந்திருக்கும். மலையாளத்தில் 'கொறச்சு' என்றால் கொஞ்சம். கொஞ்சம் காற்று ஏற்றினால் போதும் என்று இவன் சொல்லியிருக்கிறான். தமிழில் கேட்டால் காற்றைக் குறைத்தால் போதும் என்று ஆகிவிடும். போதும் என்கிற 'மதி' எங்கள் பக்கத்தில் ரெண்டு பாஷையிலும் ஓடும். பங்குக்காரர் காற்றைத் திறந்து விட்டிருக்கிறார். பிற்பாடு ஒருநாள் பாறசாலைக்குப் போனபோது அவரிடமே கேட்டேன். "அந்த ஆளு நல்ல தமிழ்லயில்லா சொன்னாரு" என்றார். மிக்கேலோ கடைசி வரை, தான் சுத்த மலையாளத்தில் சொன்னதாகச் சாதித்தான்.

ஒரு பாஷை மட்டும் தெரிந்தவன் இருந்திருந்தால் 'என்ன சொன்னீரு?' என்று திருப்பிக் கேட்டிருப்பான், வேலை ஒழுங்காக நடந்திருக்கும். ரெண்டும் தெரிந்தவர்கள் நடுவில்தான் இப்படியெல்லாம் நடக்கும். புரியாத பேச்சு வந்தால் எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். புரிந்துவிட்ட பேச்சையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, எல்லோரும் சிரித்தோம். ஸ்டெல்லா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். டீக்கடைக்காரர் அங்கிருந்தே, "கொறச்சு டீ வேணுமா?" என்று குரல் கொடுத்தார். மிக்கேல், "காரியம் மனசிலாயாச்சுல்லா, காத்த அடிச்சு விடுங்க அண்ணா, நேரமாவுது" என்றான். நானும் கம்ப்ரஸர் ஹோஸைக் கையில் எடுத்துவிட்டேன்.

தம்பிகளா, நான் இத்தனையும் எழுதியது இந்த ஒரு இடத்துக்காகத்தான். என்ன தப்பு என்று தெரிந்துவிட்டது. காற்றுக் குறைந்தது, காற்றை அடித்தால் தீர்ந்தது. சிரிப்பு வேறு சேர்ந்துகொண்டது. காரணம் கிடைத்ததும் கோளாறே போய்விட்டது என்று மனசு நம்பிவிடுகிறது. ஹோஸை மாட்டப் போனபோது பார்க்கிறேன், வால்வு ஒரு பக்கமாகத் தலை சாய்த்து நின்றது. பாறசாலையிலிருந்து பனச்சமூடு வரைக்கும் அந்தப் பாரம் டயரைப் பிடித்து நழுவ வைத்திருக்கிறது. காற்றைத் திருப்பி அடைக்கலாம். வழியெல்லாம் வாங்கிய இழுப்பை வால்வு மறக்குமா?

கையிலிருந்த ஹோஸைக் கீழே போட்டேன். "சக்கரத்தைக் கழற்றணும்" என்றேன்.

மிக்கேலின் முகம் மாறிவிட்டது. போத்தின் பின்சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, மறுபடி அந்த உதட்டை உட்கார வைப்பதென்றால் சாயந்திரம் ஆகிவிடும் என்பது அவனுக்கும் தெரியும். டேம் போயிற்று.

"அண்ணா, நாளைக்கு எனக்குப் போணும். இனி ரெண்டு வருஷம் கழிஞ்சாக்கும் வாறது" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கெஞ்சினான். "பைய ஓட்டுவேன். காத்த மட்டும் அடிங்க."

சும்மா சொல்லக் கூடாது, மனசு ஆடியது. வால்வு சாய்ந்தால் கிழிந்துதான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நான் கழற்றிப் பார்த்து ட்யூப் நன்றாக இருந்துவிட்டால், ஒரு மனுஷனின் பல வருஷக் கனவை வீணாகத் தட்டிப் பறித்தவன் ஆவேன். கழற்றாமல் அனுப்பினால், கள்ளிக்காட்டுக்கு முன்னால் உள்ள வளைவுகளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். பின்சக்கரம் திடீரென்று இறங்கினால் முதலில் விழுகிறவள் பின்னால் இருக்கிறவள். மிக்கேல் என்னைத் திட்டுவது ஒரு பக்கம், நீலச் சேலை ரோட்டில் கிடப்பது இன்னொரு பக்கம். திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்டெல்லா போகவில்லை. நான் ட்யூபை உருவி எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அதில் காற்றடித்து, ஒட்டுப் பார்க்கிற தொட்டியில் அமுக்கினேன். நம் தொட்டித் தண்ணீரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும், கறுப்பு. ஆனால் அன்று சாய்ந்த வெளிச்சம் அதில் விழுந்து, மேலே போகிற மேகம் உள்ளே போவது தெரிந்தது. ட்யூபைத் திருப்பித் திருப்பி அமுக்கினேன். ஒன்றும் இல்லை. வால்வுப் பக்கம் வந்தபோது, கழுத்தடியிலிருந்து மணிமணியாகக் குமிழிகள் கிளம்பின. விரலால் லேசாகச் சாய்த்தேன். கழுத்து பாதிக்கு மேல் கிழிந்து வாயைப் பிளந்தது, தொட்டி முழுக்கக் கொப்பளித்தது.

நான் மிக்கேலைக் கூப்பிட்டேன். வந்தான், குனிந்தான், பார்த்தான். பிறகு ஸ்டெல்லாவின் தோளில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. நடு ஜங்ஷனில், அந்தக் காலத்தில்! யாரும் கேலி செய்யவில்லை.

காற்று இறங்கி முடிந்ததும் தொட்டித் தண்ணீர் அடங்கியது. மேகம் மறுபடி அதற்குள் வந்தது. ஸ்டெல்லா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புருஷனிடம், "சத்தம் போடாத வெள்ளம் கண்டாச்சு, வாங்க வீட்டுக்குப் போலாம்" என்றாள். மிக்கேல் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். புது ட்யூப் போட்டுக் கொடுத்தேன். புதுக் கோடும் போட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே தெற்கே திரும்பிவிட்டார்கள்.

அவன் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது என்ன கொண்டுவந்தான் தெரியுமா? கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் ரேடியோ கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். இவன் டயர் கொண்டுவந்தான். போத்துக்கென்றே உள்ள டயர், உருண்ட அடி. விமானத்துச் சீட்டு அதில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான், ஜங்ஷனே கூடிவிட்டது. அதை மாட்டி நான் ஓட்டிப் பார்த்தேன். நேர் ரோட்டில் அந்தப் பழைய சுகம் இல்லை. வளைவில் அழகாகச் சாய்ந்தது.

அந்த வாரமே ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டு டேமுக்குப் போனான். திரும்பும்போது இருட்டுவதற்கு முன்னால் கடையில் நிறுத்தினார்கள். ரெண்டு பேர் முகத்திலும் உறக்கத்திலிருந்து எழுந்தது போல ஒரு களை. அவளிடம் கேட்டேன், "எப்படி மோளே இருந்துது, சத்தம் போடாத வெள்ளம்?"

அவள் யோசித்தாள். கடைக்குள்ளே எட்டிப் பார்த்தாள். "அது ஒங்க தொட்டி வெள்ளந்தான் அண்ணா. கொறச்சு பெரிசு" என்றாள்.

தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டிய நாள் அது. நான் மாற்றவில்லை.